பிள்ளைகளுக்கு ஒரு திடல் வேண்டும்

(ஜெஞ்சாரோமில் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளம், போனஸ், வீடு, வைத்தியம் ஆகிய இவற்றைப் பேசித்தான் நம் மேடைக்குப் பழக்கம். இன்று நாம் பேச வந்திருப்பதோ ஊஞ்சலைப் பற்றி, சறுக்குமரத்தைப் பற்றி, ஐந்து வயதுகூட நிரம்பாத நம் பிள்ளைகள் ஓடியாட ஒரு துண்டு நிலத்தைப் பற்றி. "இதற்காகவா ஞாயிற்றுக்கிழமை ஓய்வைக் கெடுத்துக்கொண்டு வரச் சொன்னீர்கள்?" என்று பின்வரிசையில் ஒரு தோழர் முணுமுணுப்பது எங்கள் காதிலும் விழுகிறது. அவருக்கும் சேர்த்தே பேசுகிறோம்.

1941-ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் முன்னின்றார். கூலி உயர வேண்டும், சீனத் தொழிலாளிக்குக் கொடுப்பதை நமக்கும் கொடுக்க வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். அந்தக் கோரிக்கைகளோடு இன்னும் இரண்டு இருந்தன. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பது ஒன்று. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது மற்றொன்று. சைக்கிளும் ஒரு கோரிக்கையா என்று அன்றும் சிலர் சிரித்திருப்பார்கள். ஆனால் அந்தப் போராட்டத்தை அடக்கப் பட்டாளம் வந்தது. துப்பாக்கி வெடித்தது. தொழிலாளர்கள் மாண்டார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார். எது பெரிய கோரிக்கை, எது சின்னக் கோரிக்கை என்பதைக் கேட்பவன்தான் அறிவான், கொடுக்க மறுப்பவன் அறிய மாட்டான்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

தோட்டத்தில் இருந்த காலத்தில் நம் பிள்ளைகளுக்கென்று யாரும் பூங்கா அமைத்துக் கொடுக்கவில்லை. ஆனாலும் இடத்துக்குப் பஞ்சமில்லை. லயத்துக்கு முன்னால் வாசல், கோயிலுக்கு முன்னால் திடல், அதைத் தாண்டினால் பால்காடு. ரப்பர்க் காய் பட்டென்று வெடித்து விதை சிதறும் மாதங்களில் பிள்ளைகளுக்குத் திருவிழாதான். அந்த விதையைச் சிமெண்டுத் தரையில் சூடேறத் தேய்த்து அடுத்தவன் கையில் வைத்து அலற விடாத பிள்ளை எந்தத் தோட்டத்திலாவது இருந்ததா? இங்கே சிரிக்கிறவர்கள் எல்லாரும் அந்தக் குற்றவாளிகள்தான்!

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. பாம்பும் இருந்தது, மூடாத கால்வாயும் இருந்தது. விடியுமுன் பெரட்டுக்கு ஓடிய தாய், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, மார்பில் பால் கட்டிய வலியோடு மரம் சீவினாள். ஆயா ஒருத்திதான், தொட்டில்களோ வரிசையாகத் தொங்கின. ஒன்று அழுதால் எல்லாம் அழும். ஆனாலும் அந்தக் கொட்டகை சும்மா வந்ததல்ல. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் இடம் முதலாளியின் கடமை என்று சட்டம் சொன்னதால் வந்தது. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் பற்றிய குறைந்தபட்சத் தரச் சட்டத்தின் முகப்பையே படித்துப் பாருங்கள். வீடு, குழந்தைக் காப்பகம், பயிர் செய்ய நிலம், மாடு மேய்க்க நிலம், மருத்துவம், சமூக வசதி என்று வரிசையாகச் சொல்கிறது. மாட்டுக்கு மேய்ச்சல் நிலம் பெயர் சொல்லி இருக்கிறது. நல்லதுதான், மாடு நமக்குத் தெய்வம்! பிள்ளைக்கு ஓடியாடும் நிலமோ சமூக வசதி என்ற ஒரு சொல்லுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. அதை நாம்தான் தோண்டி வெளியே எடுக்க வேண்டும்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போன இடங்களில் தொழிற்சாலையும் வீடமைப்பும் வந்தன. லயத்தை விட்டு வெளியேறிய நாம் வரிசை வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் குடிபோனோம். தண்ணீரும் மின்சாரமும் வீட்டுக்குள் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் வாசல் போயிற்று, திடல் போயிற்று. கதவைத் திறந்தால் ஐந்தடியில் கார் நிற்கிறது. கொஞ்சம் தள்ளினால் கிள்ளான்–பந்திங் சாலை, அதில் இரவும் பகலும் லாரி. நாலு வயதுப் பிள்ளையை எங்கே விடுவது? வீட்டுக்குள் விடுகிறோம். வீட்டுக்குள் இருக்கும் பிள்ளை அழுகிறது. அழுகிற பிள்ளையின் கையில் கைத்தொலைபேசியைக் கொடுக்கிறோம். தாயைக் குறை சொல்லவில்லை. இரவு ஷிப்ட் முடிந்து வந்தவள் வேறு என்ன செய்வாள்?

உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து ஆட வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும், திரையின் முன் உட்காருவது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. பத்துக்குப் பத்து அறையில் மூன்று மணி நேரம் ஆடச் சொல்லுங்கள் பார்ப்போம்! ஐக்கிய நாடுகளின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை ஒப்பந்தத்தில் 31-ஆம் பிரிவு விளையாட்டைப் பிள்ளையின் உரிமை என்றே சொல்கிறது. 1995-ல் மலேசியாவும் அதில் சேர்ந்துகொண்டது. ஆகவே நாம் பிச்சை கேட்கவில்லை, தோழர்களே.

ஜெஞ்சாரோம்காரர்களுக்கு விளையாட்டைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் பேசியாக வேண்டும். 2018-ல் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் குப்பையை வாங்க மறுத்தது. அந்தக் குப்பை எங்கே போயிற்று? நம் வாசலுக்கு வந்தது. அனுமதியில்லாத கூடங்கள் முளைத்தன. இரவில் எரித்தார்கள். சன்னலை மூடினாலும் நாற்றம் உள்ளே வந்தது. இருமாத பிள்ளை எந்த வீட்டில் இருந்தது? இந்த ஊர் மக்கள் சும்மா இருக்கவில்லை. இனம் பார்க்காமல் கூடி, படம் எடுத்து, புகார் எழுதி, விடாமல் கத்தினார்கள். கூடங்கள் பல மூடப்பட்டன. 2019 மே மாதத்தில் குப்பைக் கொள்கலன்களை வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப் போவதாக அரசாங்கம் அறிவித்தது. அதே மாதம் பிளாஸ்டிக் கழிவை நாடு விட்டு நாடு அனுப்புவதற்கு பாசல் உடன்படிக்கையிலும் கட்டுப்பாடு விதித்தார்கள். மூச்சு விட முடியாத இடத்தில் ஊஞ்சல் கட்டி என்ன பயன்? ஆகவே திடல் கேட்கிற நாம் திடலைச் சுற்றியுள்ள காற்றையும் சேர்த்தே கேட்க வேண்டும். காற்றுக்காக ஒன்று கூடத் தெரிந்த ஊருக்கு ஒரு விளையாட்டிடத்துக்காகக் கூடத் தெரியாதா?

நிலம் எங்கே என்று கேட்பீர்கள். நிலம் இருக்கிறது. வீடமைப்புத் திட்டம் போடுகிறவர் பத்தில் ஒரு பங்கைத் திறந்த வெளியாக விட வேண்டும் என்பது இந்நாட்டில் நெடுநாளாக உள்ள திட்ட வழிகாட்டி. ஆயிரம் பேருக்கு 2 ஹெக்டர் திறந்த வெளி என்பது அரசாங்கம் தானே வைத்துக்கொண்ட குறி. வரைபடத்தில் பச்சை மை பூசியிருக்கும். பச்சை மையில் எந்தப் பிள்ளையும் விளையாட முடியாது!

சென்ற சில வாரங்களில் நாங்கள் மாலை வேளைகளில் சில குடியிருப்புகளுக்கு நடந்து போய்ப் பார்த்தோம். ஊர் பெயர், தெருப் பெயர் சொல்லி யாரையும் சந்திக்கு இழுக்க வேண்டாம். ஓரிடத்தில் சறுக்குமரம் இருந்தது, ஏறும் படியில் இரண்டைக் காணோம். ஓரிடத்தில் ஊஞ்சலின் சங்கிலி மட்டும் தொங்கியது, பலகை இல்லை. இன்னோரிடத்தில் எல்லாம் புதிதாக, மஞ்சளும் நீலமுமாகப் பளபளத்தன. ஆனால் ஒரு பிள்ளையும் இல்லை. ஏன் என்று பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாவைக் கேட்டோம். "தொட்டுப் பாருங்க தம்பி" என்றார். தொட்டோம். மாலை ஐந்து மணிக்கும் கை சுட்டது. சுற்றிலும் ஒரு மரம் இல்லை. ஆறரைக்குச் சூடு தணியும், ஏழே காலுக்கு இருட்டிவிடும், விளக்கு இல்லை. ஆக, பல ஆயிரம் வெள்ளி போட்டு வைத்த அந்த இடம் ஒரு நாளில் முக்கால் மணி நேரத்துக்குத்தான் பிள்ளைகளுக்குச் சொந்தம். அதிலும் நம் இளந்தாரிகள் சிலர் சறுக்குமரத்தின் உச்சியில் ஏறி உட்கார்ந்து சிகரெட் பிடிப்பதற்கு ஒரு பங்கு போய்விடுகிறது. அவர்கள் வீட்டார் இங்கேயும் இருக்கிறீர்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றொரு குடியிருப்பில், கம்பிகளுக்கு நடுவே தலையை நுழைத்த பிள்ளை வெளியே எடுக்க முடியாமல் மாட்டிக்கொண்டதாம். எண்ணெய் தடவி எடுத்திருக்கிறார்கள். நல்லகாலம், தரையில் காலூன்றி நின்றிருந்தது. இதற்கெல்லாம் கணக்கு உண்டு, தோழர்களே. அமெரிக்காவின் பாதுகாப்புக் கையேடு, மூன்றரை அங்குலத்துக்கு மேலும் ஒன்பது அங்குலத்துக்குக் கீழும் உள்ள இடைவெளி ஆபத்தானது என்கிறது. உடல் நுழைந்துவிடும், தலை நின்றுவிடும். தரைக்கும் அப்படியே ஒரு கணக்கு உண்டு. சிமெண்டிலோ கட்டாந்தரையிலோ ஏணி நடக் கூடாது. நாலடி உயரத்திலிருந்து விழும் பிள்ளையைத் தாங்க ஒன்பது அங்குல ஆழத்துக்கு மணல் வேண்டும். சிறு பிள்ளைகளின் பகுதி வேறு, பத்து வயதுப் பையன்களின் பகுதி வேறாக இருக்க வேண்டும். இரண்டையும் கலந்தால் சின்னது மிதிபடும். இவற்றைப் பார்க்கப் பொறியியல் பட்டம் வேண்டாம். ஓர் அளவுநாடா போதும். பால் வாளியின் எடையைக் கண்ணாலேயே சொன்ன சமுதாயம் நாம்!

தரைக்கு விரிக்கும் ரப்பர்ப் பாய்களைப் பார்த்திருப்பீர்கள். பழைய டயர்களை அரைத்துச் செய்பவை அவற்றில் பல. டயரில் இயற்கை ரப்பரும் கலந்திருக்கிறது. எங்கோ யாரோ இருட்டில் நெற்றி விளக்கோடு சீவிய பால் இன்று யார் வீட்டுப் பிள்ளையோ விழும்போது முழங்காலைக் காக்கிறது. நம் வீட்டுப் பிள்ளை மட்டும் கட்டாந்தரையில் விழ வேண்டுமா? ஆனால் ஒரு எச்சரிக்கை: முழு டயரை ஊஞ்சலாகக் கட்டுவதானால் அடியில் துளை போட வேண்டும். மழைநீர் தேங்கினால் டிங்கிக் கொசுவுக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்ததாகும். ரப்பர்ப் பாயும் வெயிலில் கொதிக்கும். மரநிழல் இல்லாமல் எதுவும் பயன்படாது.

பெரிய பூங்கா வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தைப்பிங்கில் கைவிட்ட ஈயக்குழியை 1880-ல் ஏரிப் பூங்காவாக்கினார்கள், அங்கே தூங்குமூஞ்சி மரங்கள் இன்றும் தண்ணீர் வரை கிளை தாழ்த்தி நிற்கின்றன. கோலாலம்பூர் ஏரிப் பூங்காவின் தொடக்கம் 1888. நம் ஜெஞ்சாரோமிலேயே தொங் சென் புத்த ஆலயத் தோட்டம் இருக்கிறது. சீனப் புத்தாண்டுக்கு அங்கே ஏற்றும் விளக்குகளைக் காண நம் பிள்ளைகளையும் தோளில் தூக்கிக்கொண்டு போகிறோம். எல்லா இனத்தாரும் வருகிறார்கள், பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கொரு முறை போகிற இடம் வேறு, அன்றாடம் போகிற இடம் வேறு. மூன்று வயதுப் பிள்ளைக்கு அதன் கால் நடக்கிற தூரம்தான் உலகம். பாட்டி செருப்பை மாட்டிக்கொண்டு கையைப் பிடித்து அழைத்துப் போகிற தூரத்தில் இருந்தால்தான் அது பூங்கா.

ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் கதை நமக்குப் பொருந்தும். யுத்தத்தில் அடிபட்டு, பணமில்லாமல் கிடந்த நகரம். 1947-ல் ஆல்டோ வான் ஐக் என்ற இளம் கட்டடக்கலைஞர் ஒரு சதுக்கத்தில் மணல்குழியும் சில இரும்பு வளைவுகளும் வைத்தார். விலை மலிவு, உடைவதற்கும் அதிகம் இல்லை. அதைப் பார்த்த அடுத்த தெருக்காரர்கள் எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று நகராட்சிக்குக் கடிதம் எழுதினார்கள். பிறகு அடுத்த தெரு, அதற்கும் அடுத்த தெரு. இடிந்த வீட்டு மனைகளிலும் மூலை முடுக்குகளிலுமாக, முப்பது ஆண்டுகளில் எழுநூறுக்கு மேல் ஆயின. யாரும் மாளிகை கேட்கவில்லை. கடிதம் எழுதினார்கள், விடாமல் எழுதினார்கள்.

நாமும் எழுதப் போகிறோம். ஒவ்வொரு குடியிருப்பிலும் எந்தத் துண்டு நிலம் திறந்த வெளி என்று நகராண்மைக் கழகத்திடம் வரைபடத்தைக் கேட்போம். நிழல்மரம், விளக்கு, சாலைப் பக்கம் வேலி, பாட்டிமார் உட்கார ஒரு பெஞ்சு என்று கேட்போம். வைப்பதோடு விட்டால் போதாது, மாதமொரு முறை வந்து பார்க்க ஆள் வேண்டும் என்றும் எழுதுவோம். சீன அண்டை வீட்டாரும் மலாய் அண்டை வீட்டாரும் கையெழுத்துப் போட வேண்டும். தோட்டத்தில் இன்று நாம் விட்டு வந்த வேலையைச் செய்கிற வெளிநாட்டுத் தோழர்களுக்கும் குடும்பம் இங்கிருந்தால் அவர்கள் பிள்ளைகளும் அந்த ஊஞ்சலில் ஆடும். மணல்குழியில் இறங்கிய பிள்ளைகளுக்குப் பொதுமொழி கற்றுக்கொடுக்க யாரும் தேவையில்லை.

வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு, வெயில் ஏறுமுன், இதே இடத்தில் கூடுவோம். தெரு தெருவாகப் போய் அளந்து எழுதிக்கொள்வோம். அளவுநாடா எங்களிடம் இரண்டு இருக்கிறது, வைத்திருப்பவர்கள் இன்னும் கொண்டு வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். எந்தப் படி உயரம், எந்தக் கம்பி வழுக்கும் என்று அவர்களைக் கேட்டால்தான் தெரியும். பாட்டியம்மாக்களுக்கு நாற்காலி நாங்கள் கொண்டு வருகிறோம்.