செம்புத் தகட்டில் உழைப்பின் வரலாறு

மறுமலர்ச்சிக் கலை என்றதும் அரண்மனைச் சுவரோவியங்களும் தேவாலயச் சிற்பங்களுமே பேசப்படுகின்றன. ஆனால் 16-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் கத்தியுறை, கரண்டி, இடைவார்க் கொக்கி போன்ற புழங்குபொருள்களுக்கும் கொடியும் இலையும் பின்னிய அலங்கார மாதிரிகள் செம்புத் தகட்டில் செதுக்கப்பட்டு, தாளில் அச்சாகி விற்பனைக்கு வந்தன. அந்தச் சிறு தாள்களிலும் வர்க்க வரலாறு பதிந்திருக்கிறது.

இத்தொழில்நுட்பம் பொற்கொல்லர் பட்டறையில் பிறந்தது. வெள்ளியில் பூவேலை செய்த உளியே செம்பிலும் கோடு கீறியது. கோடுகளில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படி கிடைக்கும். ஒரே தகட்டிலிருந்து பல படிகள் எடுக்க முடிந்தது. பட்டறைக்குள் ஆசானிடமிருந்து மாணவனுக்குச் சென்ற வடிவம், இப்போது சந்தைச் சரக்காகி ஊர் ஊராகப் பரவியது. வரைந்தவரை ஒருநாளும் கண்டிராத கைவினைஞர்கள் அதைப் பார்த்து வேலை செய்தனர். மாதிரியில் வரைந்தவரின் முத்திரை நிலைத்தது. பொருளைச் செய்த பலரின் பெயர் நிலைக்கவில்லை.

நியூரம்பர்க் நகரில் 1348–49 கிளர்ச்சிக்குப் பின் கைவினைஞர் சங்கங்கள் தடைசெய்யப்பட்டன. தொழில்கள் அனைத்தும் செல்வர்களின் நகர மன்றத்திற்குக் கட்டுப்பட்டிருந்தன. அந்நகரின் சேபால்ட் பெஹாம், பார்தெல் பெஹாம் சகோதரர்களும் கியோர்க் பென்ஸும் 1525 ஜனவரியில் விசாரிக்கப்பட்டனர். மத நம்பிக்கையுடன் மன்றத்தின் அதிகாரத்தை ஏற்கிறார்களா என்பதும் கேட்கப்பட்டது. மூவரும் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். 'கடவுளற்ற ஓவியர்கள்' என்ற பெயர் அவர்களுக்கு நிலைத்தது. எங்கெல்ஸ் 1850-இல் ஆராய்ந்த விவசாயிகள் போர் ஜெர்மனியை உலுக்கிய ஆண்டு அது.

சோஸ்ட் நகரின் ஹைன்ரிக் ஆல்டெக்ரேவர் கத்தியுறைகளுக்கும் கரண்டிகளுக்கும் மாதிரிகள் செதுக்கியவர். மூன்ஸ்டர் எழுச்சி நசுக்கப்பட்டு, அதன் தலைவர் லைடன் யான் கொல்லப்பட்ட 1536-இல், அவருடைய உருவத்தைச் செம்பில் பதித்ததும் அவரே.

எனினும் இக்கலைஞர்களின் வாழ்வு முரண்பாடற்றதாக இருக்கவில்லை. பார்தெல் பின்னர் பவேரியக் கோமகன்களிடம் பணிபுரிந்தார். அலங்கரித்த கத்தியுறையை இடையில் அணிந்தவர்கள் வசதி படைத்தவர்களே. அதிகாரத்தைக் கேள்வி கேட்ட கையும் பிழைப்புக்காக அவர்களுடைய சந்தையையே நம்ப வேண்டியிருந்தது.

தோழர்களே! அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியில் பளபளக்கும் கரண்டி, அதை வாங்கியவரின் ரசனைக்கு மட்டும் சான்றன்று. செம்பைக் கீறிய கை, அச்சை அழுத்திய கை, வெள்ளியை அடித்த கை ஆகியவற்றின் கூட்டுழைப்பு அது. அந்தக் கைகளுக்கு வரலாற்றில் உரிய இடத்தைக் கோருவதும் பண்பாட்டுத் தளத்தில் நடக்கும் வர்க்கப் போராட்டமே.