மறந்தவரும் மறவாதவரும்

(யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற முதியோர் நாளில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விருத்தாசலம் என்றால் பழமையான மலை என்று பொருள். திருமுதுகுன்றம் என்பது இதன் பழந்தமிழ்ப் பெயர். முதுமையைப் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர் நம் ஊர். ஆனால் நம் வீடுகளில் முதுமை எப்படி நடத்தப்படுகிறது? யூபிலி கொண்டாடும் இவ்வேளையில் நாம் நம்மையே கேட்டுக்கொள்வது தகும். சிறப்பாக, மறதி நோய்க்கு ஆளான பெரியவர்களைப் பராமரிப்போரின் மனநிலை பற்றி இன்று சிந்திப்போம்.

பீங்கான் சூளையில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். விளக்கு வைக்கும் நேரமானால் சட்டையை மாட்டிக்கொண்டு, "ராத்திரி ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று வாசலுக்கு வந்துவிடுவார். "வேலையை விட்டுப் பதினைஞ்சு வருஷம் ஆச்சுப்பா" என்பார் மகன். பெரியவர் கையை ஓங்குவார். நற்கருணை கொண்டுசென்ற நாமும் ஒருநாள், உண்மையைச் சொன்னால் தெளிவு வரும் என்று நம்பி, "உமக்கு இப்போது வேலை இல்லை, உட்காரும்" என்று கண்டித்துச் சொன்னோம். அவர் குழந்தைபோல் அழுதுவிட்டார். வேலை போய்விட்டது என்பதை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். ஒவ்வொரு மாலையும் அவருக்கு அது முதல் தடவையே.

அப்போது மருமகள் வந்தார். "போறதுக்கு முன்னாடி ஒரு வாய் கஞ்சி குடிங்க மாமா. சூளையிலே தீ எப்படி ஏத்துவீங்க?" என்று கேட்டார். பெரியவர் உட்கார்ந்தார், கஞ்சி குடித்தார், தீ ஏற்றும் கதையைச் சொன்னார், சொல்லிக்கொண்டே உறங்கிப்போனார். அந்தப் பெண் பொய் ஒன்றும் சொல்லவில்லை. மாமனார் இருந்த இடத்துக்குத் தாம் போனார், அவ்வளவுதான். எருசலேமை விட்டு எம்மாவுக்கு நடந்த சீடர்களிடம் நம் ஆண்டவர் செய்ததும் இதுவே. அவர்களை வழிமறித்துத் திருப்பவில்லை. கூட நடந்தார்; முதலில் கேட்டார்; பிறகே பேசினார். குருமடத்தில் படித்த நாம் இதை ஒரு மருமகளிடம் கற்றுக்கொண்டோம்.

இந்நோய் அரிதானதன்று. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களுள் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், ஏறத்தாழ 88 லட்சம் பேர், இதற்கு ஆளாகியிருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. மூளையின் உயிரணுக்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. அண்மைக்கால நினைவுகள் முதலில் போகும். பழையவை நெடுநாள் தங்கும். காலையில் உண்டதை மறந்தவருக்குச் சூளை நினைவிருப்பது அதனால்தான். தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. எனவே, "வயசானா அப்படித்தான்" என்று இருந்துவிடாமல் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பராமரிப்போர் மூன்று காரியங்களை மனத்தில் கொள்ளவேண்டும். முதலாவது, அவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை. சாப்பிட்டு முடித்த கையோடு, "எனக்குச் சோறே போடல" என்று அடுத்த வீட்டில் சொல்வார்கள். அவமானமாக இருக்கும், ஆனால் பேசுவது நோய். தந்தையின் அறிவு மங்கினாலும் அவரிடம் பொறுமை காட்டவேண்டும் என்று சீராக் ஞான நூல் அன்றே கற்பித்திருக்கிறது. இரண்டாவது, வாதாடி வெல்ல முயலாதீர்கள். வென்றாலும் பயனில்லை, மறுநாள் வாதம் மறந்திருக்கும், பட்ட வருத்தம் மட்டும் மனத்தில் தங்கியிருக்கும். மூன்றாவது, போனதை எண்ணாமல் இருப்பதைத் தேடுங்கள். மகன் பெயரை மறந்த அப்பெரியவர், நாம் ஜெபமாலையைத் தொடங்கினால் தடுமாறாமல் சேர்ந்து சொல்கிறார். துணியைக் கொடுத்தால் வீட்டிலுள்ள பொம்மைகளை ஒரு கீறலும் விழாமல் துடைத்து வைக்கிறார்.

இத்தோடு முடித்தால் சுமை முழுவதையும் அந்த மருமகளின் தலையில் வைத்தவர்களாவோம். அவர் நம்மிடம் கேட்டது ஒன்று உண்டு. பாவசங்கீர்த்தனத்தில் அன்று, கோயில் முற்றத்தில். அவருடைய சம்மதத்தோடு சொல்கிறோம். "சாமி, இவர் சீக்கிரம் போய்ச் சேரட்டும்னு ஒருநாள் நெனச்சுட்டேன். நான் பாவியா?" இரண்டு ஆண்டுகளாக இரவில் முழுத் தூக்கம் காணாதவர் அவர். ஞாயிறு பூசைக்கு வந்தே பல மாதங்கள் ஆகியிருந்தன. "நீ பாவியல்ல அம்மா, களைத்துப்போயிருக்கிறாய்" என்றோம். நோயாளியை விட்டு வரமுடியாமல் பூசை தவறுவதும் பாவமன்று. ஆனால் அவர் வராததை ஒருவரும் கவனிக்கவில்லையே! அந்தப் பிழை நம் எல்லோருடையது.

யூபிலி ஆண்டில் நிலத்துக்கே ஓய்வு கொடுக்கவேண்டும் என்பது மோசே தந்த சட்டம். நிலத்துக்கு ஓய்வு உண்டு; பராமரிக்கும் பெண்ணுக்கு இல்லையா? ஆண்மக்களே, பெற்றோரைப் பேணும் கடமை மருமகளுக்கு மட்டும் உரியதன்று. மரியாயின் சேனையினரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் இத்தகைய வீடுகளுக்கு முறைவைத்துச் சென்று, ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் பெரியவருடன் இருக்க வேண்டுகிறோம். யூபிலிக்குக் கொடி ஏற்றினோம், தேர் அலங்கரித்தோம். இந்த இரண்டு மணி நேரத்தையும் கொடுத்தால் யூபிலி நிறைவு பெறும்.

நம்மை அவர்கள் மறந்திருக்கலாம். அவர்களை நாம் மறவாதிருப்போம். முதுமையில் மகவைப் பெற்ற எலிசபெத்தம்மாளுக்கு உதவ விரைந்து சென்ற நம் அன்னை மரியாள் உங்கள் இல்லங்களுக்குத் துணை நிற்பாராக. இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.