விசுவாசமும் கைத்திறனும்

தேவ ஆவியால் நிரப்பப்பட்டவர் என்று வேதாகமம் பெயர் சொல்லிக் குறிக்கும் முதல் மனிதர் தீர்க்கதரிசி அல்லர், அரசர் அல்லர், ஆசாரியரும் அல்லர். அவர் ஒரு கைவினைஞர்: யூதா கோத்திரத்து ஊரியின் மகன் பெசலெயேல். பொன், வெள்ளி, வெண்கலம் ஆகியவற்றில் வேலை செய்யவும், கல்லை வெட்டிப் பதிக்கவும், மரத்தைச் செதுக்கவும் அவருக்கு ஆவியின் நிறைவு அருளப்பட்டதாக யாத்திராகமம் 31-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆசரிப்புக் கூடாரத்தைக் கட்டும் வேலையில் தாண் கோத்திரத்து அகோலியாப் அவருக்குத் துணை. 35-ஆம் அதிகாரம் இன்னும் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறது. பெண்கள் தங்கள் கையால் நூற்ற நூலைக் கொண்டுவந்தார்கள். ஆட்டுமயிரைத் திரித்தவர்களும் அவர்களே. அடுத்தது, பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் வரத்தையும் கர்த்தர் பெசலெயேலுக்குத் தந்தார். விசுவாசத்தின் வெளிப்பாடாகப் படைப்புத் திறனை வளர்ப்பதைப் பற்றிய கிறிஸ்தவச் சிந்தனைக்கு இந்த இரண்டு அதிகாரங்களில் அடித்தளம் கிடைக்கிறது. வரம் மேலிருந்து வருகிறது. ஆனால் அது உளியையும் தறியையும் பிடிக்கத் தெரிந்த கைக்கு வருகிறது. வந்தபின் இன்னொரு கைக்குக் கடத்தப்படுகிறது.

தமிழ்த் திருச்சபைகளில் இதற்குப் புழங்கும் சொல் 'தாலந்து'. மத்தேயு 25-இல் எசமான் ஊழியரிடம் ஒப்படைத்துப் போகும் தாலந்து, வெள்ளியைக் குறித்த ஓர் எடை. ஒரு கூலியாள் பல ஆண்டு உழைத்தாலும் சேர்க்க முடியாத பெருந்தொகை. அந்தச் சொல் இன்று ஞாயிறு பள்ளியில் பாடும் குரலுக்கும், படம் வரையும் கைக்கும், வசனம் ஒப்பிக்கும் நினைவாற்றலுக்கும் பெயராகிவிட்டது. உவமையில் கண்டிக்கப்படுபவன் தாலந்தைக் கெடுத்தவன் அல்லன். மண்ணில் புதைத்துவைத்து அப்படியே திருப்பிக் கொடுத்தவன். ஆகவே வரத்தைப் பெருக்காமல் வைத்திருப்பதே அங்கே குற்றம். வியாபாரம் செய்து பெருக்கினார்கள் என்று உவமை சொல்கிறது. கலைவரத்தைப் பெருக்கும் வழி என்ன என்பதை அது சொல்லவில்லை. அதைத் தமிழ்க் கிறிஸ்தவக் கவிஞர்கள் சிலரின் வாழ்க்கை தெளிவாகக் காட்டுகிறது. பக்தி மட்டும் பாட்டாகிவிடுவதில்லை. தம் மக்களிடம் ஏற்கெனவே வாழும் ஒரு வடிவத்தைப் பொறுமையாகக் கற்றவரிடத்தில்தான் அது பாட்டாகிறது.

இத்தாலியரான வீரமாமுனிவரே (1680–1747) இதற்கு முதற்சான்று. சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு 3 காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களுமாக அவர் செய்த தேம்பாவணி, தமிழ்க் காப்பிய மரபை எழுத்தெண்ணிக் கற்றதன் விளைவு. அகராதியும் இலக்கணமும் செய்யும் அளவுக்கு அவர் இம்மொழியில் ஊறியிருந்தார். ஆயினும் தேம்பாவணி புலவர் அவைக்குரிய நூல். கோயிலிலும் களத்துமேட்டிலும் பாடப்பட்ட கிறிஸ்தவப் பாட்டு வேறோர் இடத்திலிருந்து வந்தது.

அந்தப் பாட்டைத் தந்த வேதநாயக சாஸ்திரியார் 1774-இல் திருநெல்வேலியில் பிறந்தார். 1785-இல் அங்கு வந்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் சிறுவனின் கூர்மையைக் கண்டு தம்முடன் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்றார். தஞ்சை இளவரசர் சரபோஜியும் சுவார்ட்ஸ் ஐயரின் பராமரிப்பில் கல்வி பெற்றவர். தஞ்சை அப்போது பாட்டும் நாட்டியமும் நாடகமும் செழித்த அரண்மனை நகரம். சாஸ்திரியாரின் காதில் இரண்டு இசைகள் ஒருங்கே விழுந்தன: மிஷன் பள்ளியின் ஜெர்மானிய ஞானப்பாட்டுகள் ஒரு பக்கம், தெருவிலும் அவையிலும் ஒலித்த கீர்த்தனைகளும் சிந்துகளும் மறுபக்கம். தம் விசுவாசத்தைச் சொல்ல அவர் இரண்டாவதையே பெரிதும் எடுத்துக்கொண்டார். ஞானக் கும்மி, ஞான ஏற்றப்பாட்டு, ஞான நொண்டி நாடகம், ஞானத்தச்ச நாடகம், பெத்லகேம் குறவஞ்சி என்று அவர் நூல்களின் பெயர்களே அவர் எங்கெங்கு நின்று கேட்டார் என்பதைச் சொல்லிவிடுகின்றன.

இவற்றுள் ஏற்றப்பாட்டைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். கிணற்றுநீர் இறைக்கும் ஏற்றமரத்தின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். அவர் முன்னே நடந்தால் மரம் தாழ்ந்து சால் கிணற்றுக்குள் இறங்கும். பின்னே நடந்தால் நிறைந்த சால் மேலே எழும். கிணற்றடியில் நிற்பவர் கழியைப் பிடித்துச் சாலைச் சாய்த்து வாய்க்காலில் நீரைக் கொட்டுவார். ஒரு சாலுக்கு ஓரடி என்று பாட்டு போகும். எத்தனை சால் இறைத்தாயிற்று என்ற கணக்கும் பாட்டுக்குள்ளேயே வந்துகொண்டிருக்கும். அந்தத் தாளத்தை உழைப்பு தீர்மானிக்கிறது. மரம் எழும் நேரத்தைவிட அடி நீண்டால் பாடுபவருக்கு மூச்சு முட்டும். குறுகினால் வேலை தடுமாறும். இப்பாட்டில் ஞானப்பொருளை வைக்க விரும்பும் கவிஞர் முதலில் அந்த நடையின் அளவை அறிந்திருக்க வேண்டும். பொருள் எவ்வளவு புனிதமானது என்பதால் அளவு தளர்ந்து கொடுக்காது. சாஸ்திரியாரின் தேர்ச்சியை இந்த இடத்தில் வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

பெத்லகேம் குறவஞ்சியில் இதே தேர்ச்சி பெரிய அளவில் செயல்படுகிறது. குறவஞ்சிக்கு ஒரு கட்டு உண்டு. தலைவன் பவனி வருவான். தலைவி கண்டு மையல் கொள்வாள். குறத்தி வந்து தன் மலைவளமும் நாட்டுவளமும் சொல்லிக் குறி உரைப்பாள். குறவன் சிங்கன் கண்ணி வைத்துப் பறவை பிடித்துவிட்டு, அந்தக் குறத்தியான சிங்கியைத் தேடிவருவான். திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவருக்குத் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி அயலானதன்று. சாஸ்திரியார் கட்டை மாற்றவில்லை. பவனி வருபவர் பெத்லகேம் நாதர் ஆனார். மணமகளாகத் திருச்சபையைச் சொல்லும் வேதாகம உருவகம், தேவமோகினி என்ற தலைவியாக உயிர்பெற்றது. பறவை பிடிப்பது, சுவிசேஷ வலையில் ஆத்துமாக்களைச் சேர்ப்பதாயிற்று. குறத்தி நாடு சொல்லும் மரபில் பரிசுத்த நாட்டோடு உலகத்தின் பல தேசங்களும் நுழைந்தன. மிஷன் பள்ளியில் கற்ற புதிய பூகோளமும், சூரியனைக் கோள்கள் சுற்றிவருகின்றன என்ற புதிய வானியலும்கூட இடம்பெற்றன. பழைய சட்டகம் உறுதியாக நின்றதால்தான் இத்தனை புதுமையையும் அது தாங்கியது. விசுவாசி ஒருவர் தம் பள்ளிப் படிப்பையும் ஊர் இசையையும் வேத அறிவையும் தனித்தனியே வைக்காமல் ஒரே ஓட்டத்தில் கலந்துவிட்ட இந்த நூலுக்கு இணையானவை தமிழில் அதிகம் இல்லை.

இந்தப் பணி எளிதாக ஏற்கப்படவில்லை. 1820-களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிகள் கோயிலில் தமிழ்க் கீர்த்தனைகள் பாடுவதையும் பண்டிகைகளில் பூ வைப்பதையும் தடுத்தார்கள். பழகிய வேத மொழிபெயர்ப்பும் திருத்தப்பட்டது. சாஸ்திரியார் இவற்றைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். தம் மக்களின் இசையில் கடவுளைப் புகழ்வது குற்றமாகாது என்ற அவர் வாதத்தைப் பிற்காலம் ஏற்றுக்கொண்டது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர் 1853-இல் அச்சிட்ட கீர்த்தனைத் தொகுப்பில் சாஸ்திரியாரின் பாடல்கள் முதன்மை இடம் பெற்றன. தமிழ்ச் சபைகளின் பாட்டுப் புத்தகங்கள் அந்த வழியில் வளர்ந்தவை. ஆனால் அதே எதிர்ப்புப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. கோயிலில் சாதி வேறுபாடின்றி எல்லோரும் கலந்து அமர வேண்டும் என்பதையும் அவர் எதிர்த்தார். இது அவர் விசுவாசத்தில் விழுந்த நிழல். பெரிய கலைத்திறன் ஒருவரது மனத்தை எல்லாத் திசையிலும் விரித்துவிடும் என்று எண்ணக் கூடாது என்பதற்கு இது சான்று. இதை மறைத்துப் பேசுவதால் அவர் கவிதைக்கு நன்மை எதுவும் இல்லை.

எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) வேறு வாசலில் நுழைந்தவர். திருநெல்வேலி மாவட்டம் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். கம்பனின் விருத்தங்கள் மகனுக்கு வீட்டிலேயே கிடைத்த செல்வம். சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணிபுரிந்த காலத்தில் கிறிஸ்தவத்தோடு பழக்கம் ஏற்பட்டு, 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். மதம் மாறியவர் பழைய இலக்கியப் பயிற்சியையும் விட்டுவிட வேண்டுமா என்ற கேள்வி அக்காலத்தில் வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. கிருஷ்ணபிள்ளை தந்த விடை இரட்சணிய யாத்திரிகம்.

ஆங்கிலேயரான ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட உரைநடைக் கதை அதன் மூலம். ஒரு மனிதன் பாவச் சுமையோடு ஊரைவிட்டுக் கிளம்பி வான்நகரம் சேரும் உருவகக் கதை அது. கிருஷ்ணபிள்ளை அதை மொழிபெயர்க்கவில்லை. காப்பியமாக மீண்டும் ஆக்கினார். ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்கள். 3,700-க்கும் மேற்பட்ட பாடல்கள். பனியனிடம் இல்லாத கிறிஸ்துவின் பாடுகளை விரிவாகப் பாடினார். இடையிடையே தேவாரம் என்ற பெயரிலேயே பக்திப் பதிகங்களை அமைத்தார். பதின்மூன்று ஆண்டுகள் பாளையங்கோட்டை 'நற்போதகம்' மாத இதழில் தொடராக வந்து, 1894-இல் நூலாயிற்று. மாதந்தோறும் இதழுக்கு விருத்தங்களைத் தந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் ஓர் ஆவிக்குரிய ஒழுக்கமே. ஆர்வம் எழும்போது மட்டும் எழுதுபவரால் இவ்வளவு பெரிய நூலைக் கட்டி முடிக்க இயலாது. கிறிஸ்தவக் கம்பர் என்ற பட்டம் அவருக்கு நிலைத்திருப்பதும் பொருத்தமே. முந்தைய வாழ்வில் கற்ற செய்யுளை அவர் புதைத்துவிடாமல் எசமானின் கையில் பெருக்கிக் கொடுத்தார்.

ஆபிரகாம் பண்டிதரிடம் (1859–1919) படைப்பு ஆராய்ச்சியாக நீள்கிறது. தென்காசிப் பகுதிச் சாம்பவர்வடகரையில் பிறந்து, திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பணிபுரிந்து, பின் சித்த மருத்துவராகத் தஞ்சையில் புகழடைந்தவர். மருந்து விற்ற வருவாயை இசைக்குச் செலவழித்தார். 1912-இல் தஞ்சை சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, வித்துவான்களை அழைத்து மாநாடுகள் நடத்தினார். 1916-இல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டில் தம் சுருதிக் கொள்கையை முன்வைத்தபோது, அதைப் பாடிக் காட்டி விளக்கியவர்கள் அவருடைய மகள்மார். மறு ஆண்டு வெளிவந்த 'கருணாமிர்த சாகரம்', சிலப்பதிகாரத்தின் பாலை முறைகளிலிருந்து தமிழிசையின் சுருதி அமைப்பை மீட்டெடுக்க முயன்ற மாபெரும் நூல். அவர் கிறிஸ்தவக் கீர்த்தனைகளும் தமிழில் இயற்றியவர் என்பதை இசை வரலாற்றார் ஓரிரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அது சரியன்று. துதிப்பாட்டை இயற்றியவரே அந்தப் பாட்டின் சுரங்கள் எந்தக் கணக்கில் நிற்கின்றன என்று ஆயுள் முழுதும் தேடினார். படைத்தவரின் ஒழுங்கைத் தேடுவதும் அவருக்குத் துதியாகவே இருந்தது.

சபைகளில் இன்று புதுப்பாட்டு எழுதுபவர்கள் பலர். 'ஆண்டவர் கொடுத்த பாட்டு' என்று சொல்வது அவர்களிடையே வழக்கம். அந்த நன்றியுணர்வு மெய்யானது. ஆனால் கொடுக்கப்பட்ட பாட்டையும் திருத்தலாம், திருத்தவும் வேண்டும். 33-ஆம் சங்கீதம் புதுப்பாட்டைக் கேட்கும் அதே மூச்சில் வாத்தியத்தை நேர்த்தியாக வாசிக்கச் சொல்கிறது. நேர்த்திக்கு வழி நீண்ட பயிற்சியே. பழைய கீர்த்தனைகளை இராகமும் தாளமும் பிசகாமல் மனப்பாடம் செய்வது, சங்கீத புத்தகத்தின் இணையடிகள் எப்படி ஒன்றையொன்று தாங்குகின்றன என்று படித்துப் பார்ப்பது, எழுதியதைச் சபைக்குக் கொண்டுவருமுன் தேர்ந்த ஒருவர் காதில் போடுவது ஆகியவை அதன் தொடக்கம். பாடுபவரின் மூச்சு எந்தச் சொல்லில் நிற்கிறது என்று கவனிப்பது இன்னும் முக்கியம். புலம்பல் எழுதத் தெரிவதும் இதில் அடங்கும். சங்கீதங்களில் பெரும்பங்கு முறையீடும் கண்ணீருமாக இருக்க, வெற்றியை மட்டுமே பாடும் சபை தன் மொழியில் பாதியை இழக்கிறது. ஓவியம், தையல், கோலம், நாடகம் ஆகியவற்றுக்கும் இதே முறை பொருந்தும். ஆண்டு விழாவுக்கு இரண்டு வாரம் ஒத்திகை பார்த்துப் பரிசு கொடுத்து முடித்துவிடுவதால் ஒரு குழந்தையின் தாலந்து வளர்வதில்லை. பெசலெயேலைப்போலக் கூடவே நின்று கற்றுக்கொடுக்கும் பெரியவர் ஒருவர் தேவை.

படைப்பு தேர்ந்த சிலருக்கே உரியதா என்ற கேள்வியைக் கூர்மையாக எழுப்பியவர் ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005). பரட்டை என்ற பெயரில் எழுதியதால் பரட்டை அண்ணன் என்றே அறியப்பட்டார். மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்தார். கீர்த்தனையைப் பாட இசைப் பயிற்சியும் ஏட்டுத் தமிழும் வேண்டும். அதனால் கிராமத்துத் தலித் கிறிஸ்தவர்கள் வழிபாட்டில் கேட்பவர்களாகவே நின்றுவிடுகிறார்கள் என்று அவர் கண்டார். நாட்டுப்புறப் பாட்டில் பாடுகிற எவரும் ஒரு சொல்லை மாற்றலாம், ஓரடி சேர்க்கலாம். அந்த உரிமையையே அவர் இறையியலாகக் கொண்டார். பேச்சுத் தமிழில், கிராமிய மெட்டில் ஒரு முழு வழிபாட்டு முறையை அமைத்தார். அதில் கடவுள் 'பெத்தவரு'. தாய்க்கும் தந்தைக்கும் பொதுவான சொல். ஆளுக்கொரு பிடி அரிசி கொண்டுவந்து ஒரே பானையில் பொங்கி எல்லோரும் கூடி உண்ணும் 'ஒரு உலை', கர்த்தருடைய பந்தியின் பொருளாக அவர் சிந்தனையின் நடுவில் இருந்தது. சாஸ்திரியார் கலந்து அமர மறுத்த பந்தி இங்கே பானையிலிருந்தே பொதுவாயிற்று.

பறையை அவர் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தது இதன் தொடர்ச்சி. சாவுக்கு அடிப்பது என்றும், அடிப்பவரைத் தாழ்த்தும் அடையாளம் என்றும் ஒதுக்கப்பட்ட கருவி அது. கிறிஸ்தவர்களிலேயே பலர் அதைத் தொட வெட்கப்பட்டார்கள். அதைப் பழகுவதும் எளிதன்று. அடிக்குமுன் தோலைத் தீயில் காய்ச்சிப் பதம் பார்க்க வேண்டும். நீண்ட குச்சியும் குட்டையான குச்சியும் வெவ்வேறு வேலை செய்ய வேண்டும். ஒவ்வோர் அடவும் கையில் ஏறும்வரை பழக வேண்டும். இறையியல் மாணவர்கள் அதைக் கற்றார்கள். அவரிடம் பாட்டைக் கற்றுப் போனவர்கள் தங்கள் ஊரில் சொல்லை மாற்றிப் பாடினால், அந்தப் பாட்டு அவர்களுடையதாகிவிட்டது என்றே அவர் கொண்டார்.