நாட்டுக்கு நாடு சட்டம் வேறு

வெளிநாடு போகிறவர்களுக்குத் துணிவு வேண்டும். அந்த நாட்டுச் சட்டமும் தெரிய வேண்டும்.

லண்டனில் இருக்கும் மகளைப் பார்க்க ஒரு தாய் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தற்காப்புக்காக மிளகு ஸ்பிரே வாங்கிப் பெட்டியில் வைக்கிறார். கண்ணில் அடித்தால் எரியுமே, அதுதான். இந்தியாவில் அதைக் கடையில் விற்கிறார்கள். வைத்திருப்பது குற்றம் இல்லை. பிரிட்டனில் அப்படி இல்லை. அங்கே 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டம் அதையும் தடை செய்கிறது. பையில் சும்மா இருந்தாலே குற்றம். சிறைக்கும் போக நேரலாம்.

மிளகாய்த்தூள் கொண்டு போகலாமா? சமையலுக்கு என்றால் தவறில்லை. யார் கண்ணிலாவது தூவுவதற்காகத் தெருவில் எடுத்துப் போனால், அது ஆயுதம். 1953-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது.

அப்படியானால் வேறு என்ன வழி? கையடக்கமான அலாரம் கிடைக்கிறது. இழுத்தால் வீல் என்று அலறும். அதற்குத் தடை இல்லை. உரக்கக் கத்தலாம். ஆள் நடமாட்டம் உள்ள கடைக்குள் நுழையலாம். ஒருவன் தாக்கினால், தப்பிக்கத் தேவையான அளவுக்கு எதிர்த்துத் தள்ளலாம். சட்டம் அதை அனுமதிக்கிறது. விழுந்து கிடப்பவனை மேலும் அடித்தால், அது குற்றம் ஆகிவிடும்.

அங்கே போலீசை அழைக்க 999. நம் ஊர் 112 என்ற எண்ணும் அங்கே வேலை செய்யும். இரண்டு எண்களையும் உங்கள் கையாலேயே ஒரு தாளில் எழுதிப் பையில் வையுங்கள். எந்த நாட்டுக்குப் போனாலும், பெட்டி கட்டும் முன்பே அந்த நாட்டில் எதற்குத் தடை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.