ஒரே ஒரு காப்பி போதாது

இன்னைக்கு எபிசோட் 1965-ல கலிஃபோர்னியாவுல ஆரம்பிச்ச கிரேட்ஃபுல் டெட் பேண்ட் பத்தி. இவங்களோட ஸ்டுடியோ ஆல்பத்தை மட்டும் கேட்டா, "இதுக்கா இவ்வளவு பேச்சு?"ன்னு தோணும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. அப்புறம் ஒரு நண்பன் சொல்லி, ஒரு லைவ் ரெக்கார்டிங் கேட்டேன்.

1977 மே 8. நியூயார்க் மாநிலத்துல இத்தாகா ஊர், கார்னெல் பல்கலைக்கழகத்தோட பார்ட்டன் ஹால். மே மாசத்துல வெளியே பனி கொட்டின ராத்திரி அது. ரெண்டாவது பாதியில 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' வாசிக்கிறாங்க. வரிகள் முடிஞ்சிடுது, ஆனா பாட்டு முடியல. ஜெர்ரி கார்சியாவோட கிட்டார் மெதுவா எங்கேயோ நகருது, ஃபில் லெஷ்ஷோட பேஸ் வேற வழி காட்டுது, ரெண்டு டிரம்மர்களும் கூடவே போறாங்க. எந்த நொடியில 'ஃபயர் ஆன் தி மவுண்டன்' ஆரம்பிச்சுதுன்னு விரல் வெச்சு சொல்ல முடியாது. ரெண்டும் சேர்ந்து ஏறக்குறைய 25 நிமிஷம். இதுல வேடிக்கை என்னன்னா, அந்த ரெண்டாவது பாட்டு அப்போ எந்த ஆல்பத்துலயும் வரல. 1978-லதான் வந்துச்சு.

இதை நாம இன்னைக்கு கேட்கறதுக்குக் காரணம் பெட்டி கேன்டர்-ஜாக்சன்ங்கிற சவுண்ட் இன்ஜினியர். அன்னைக்கு டேப்ல பதிவு பண்ணினது அவங்கதான். பின்னாடி பணக் கஷ்டத்துல கிடங்கு வாடகை கட்ட முடியாம, அவங்க பதிவு பண்ணின நிறைய டேப்புகள் 1986-ல ஏலத்துல போயிடுச்சு. யார் யார் கைக்கோ போன டேப்புகள்ல இருந்து காப்பிகள் ரசிகர்கள் நடுவுல பரவ ஆரம்பிச்சுது.

பரவறதுக்கு ஏற்கனவே ஒரு ஏற்பாடு இருந்துச்சு. ரசிகர்கள் கச்சேரிக்கு மைக் எடுத்துட்டு வந்து பதிவு பண்றதை பேண்ட் தடுக்கல. 1984-ல அவங்களுக்குன்னு தனி இடமே ஒதுக்கினாங்க. விற்கக் கூடாது, மாத்திக்கலாம். அவ்வளவுதான் விதி. காலி கேசட்டும் தபால் செலவும் அனுப்பினா, முன்பின் தெரியாத ஒருத்தர் காப்பி போட்டு அனுப்புவாரு. அந்தக் கார்னெல் கச்சேரி 2017-லதான் அதிகாரபூர்வமா வெளியாச்சு. அதுவரைக்கும் அதைக் காப்பாத்தினது ரசிகர்கள்தான்.

இது ஏன் என்னை இவ்வளவு பாதிக்குதுன்னா, காலேஜ் மூணாவது வருஷம், ஹாஸ்டல் மொட்டைமாடியில நாங்க நாலு பேர் ராத்திரி முழுக்க வாசிச்சோம். சுருதி தப்புச்சு, தாளம் போச்சு, நடுவுல ஒரு பத்து நிமிஷம் மட்டும் எப்படியோ எல்லாம் சேர்ந்துச்சு. என் போன்ல ரெக்கார்ட் பண்ணினேன். "அனுப்புடா"ன்னு கேட்டாங்க. "எடிட் பண்ணிட்டு அனுப்பறேன்"னேன். தப்பெல்லாம் வெட்டணும்னு ஆசை. போன் தண்ணியில விழுந்துச்சு. ஆஃபீஸ்ல எல்லாருக்கும் பேக்கப் பத்தி பாடம் எடுக்கிற ஆளு நான்!

அன்னைக்கு கிட்டார் வாசிச்சவன் இப்போ வாசிக்கிறதே இல்ல. அந்தப் பத்து நிமிஷத்தை அவனுக்குப் போட்டுக் காட்ட என்கிட்ட எதுவும் இல்ல.

டெட் ரெக்கார்டிங்கள்ல வரி மறந்து போறது, தப்பான சுரம், கூட்டத்துல யாரோ கத்தறது எல்லாமே இருக்கு. யாரும் வெட்டல. அப்படியே அடுத்தவருக்குக் கொடுத்தாங்க.

உங்க போன்லயும் அப்படி ஒண்ணு கிடக்கும். எடிட் பண்ணாம இன்னைக்கே ஒருத்தருக்கு அனுப்பிடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.