திரைக்கலையின் முன்னோடி ராஜலட்சுமி அம்மையார்



ஒரு கலையின் வரலாற்றைக் கற்க முனைவோர், அக்கலையில் இன்று புகழுடன் விளங்குவோரை மட்டும் அறிந்தால் போதாது. காடு திருத்திக் கழனியாக்கிய முதல் உழவரையும் அறிதல் வேண்டும். தமிழ்த் திரைக்கலையில் அத்தகைய உழவர்களுள் ஒருவர் டி. பி. ராஜலட்சுமி அம்மையார்.

நான் வாழும் கே.கே. நகரில் கல்லூரி மாணவர் சிலர் மாலை வேளைகளில் என்னுடன் உரையாட வருவதுண்டு. தமிழின் முதல் பேசும் படம் எது என்று அவர்களை வினவினேன். 'காளிதாஸ்' என்று உடனே விடை வந்தது. அதன் கதாநாயகி யார் என்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் நாடகம் பயின்றது நம் திருச்சியிலேதான் என்று கூறியபோது பெரிதும் வியந்தனர்.

திருச்சிக்கும் திரைப்படத்திற்கும் உள்ள உறவு பழமையானது. இந்நகரில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகச் சென்று காட்டினார். அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து, 1911இல், திருவையாற்றில் பிறந்தவர் ராஜலட்சுமி. குழந்தைப் பருவத்திலேயே அவருக்கு மணம் முடித்தனர்; அம்மணம் நிலைக்கவில்லை. தந்தையாரும் மறைந்தார். தாயாருடன் திருச்சிக்கு வந்த சிறுமி, சங்கரதாஸ் சுவாமிகளின் பரிந்துரையால் சாமண்ணாவின் நாடகக் குழுவில் சேர்ந்தார். மேடையேறும் பெண்ணைச் சமூகம் இழிவாக நோக்கிய காலம் அது என்பதை நீங்கள் மறத்தல் ஆகாது.

1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் 'காளிதாஸ்' வெளியாயிற்று. பம்பாயில் எடுக்கப்பெற்ற அப்படத்தை இயக்கியவர் எச். எம். ரெட்டி. நாயகி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் மறுமொழி கூறுவான்! ஆயினும், தம் மொழி திரையில் ஒலிப்பதைக் கேட்க மக்கள் திரண்டனர்.

நடிப்போடு அம்மையார் நின்றாரில்லை. தாம் எழுதிய 'கமலவல்லி' என்னும் நாவலை 1936இல் 'மிஸ் கமலா' என்ற படமாக்கினார். கதை, தயாரிப்பு, இயக்கம், நடிப்பு ஆகிய அனைத்தும் அவரே. பம்பாயில் 1926இலேயே பாத்திமா பேகம் படம் இயக்கியிருந்தார். தென்னிந்தியாவில் அப்பணியை முதன்முதல் மேற்கொண்ட பெண் நம் ராஜலட்சுமியே. தம் மகளுக்கும் கமலா என்றே பெயர் சூட்டினார். 'சினிமா ராணி' என்று மக்கள் அவரைக் கொண்டாடினர்.

இத்தகையவரை நாம் எவ்வாறு மறந்தோம்? அக்காலத்துப் படச்சுருள் நைட்ரேட்டினால் ஆனது. எளிதில் தீப்பற்றும்; வெப்பத்தில் சிதையும். அதிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காக அழிக்கப்பட்டவையும் உண்டு. 'காளிதாஸ்' படத்தின் பிரதி ஒன்றேனும் இன்று இல்லை. புனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் தொடங்கப்பெற்றது 1964இல். அம்மையார் மறைந்ததும் அதே ஆண்டில்தான்! நூலாசிரியர் மறைந்தாலும் நூல் பேசும். இவருக்கோ அத்துணையும் வாய்க்கவில்லை.

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. 1896இலேயே பாரிஸில் கதைப்படம் எடுத்தவர் ஆலிஸ் கி என்னும் பெண்மணி. பின்னர் அமெரிக்காவில் தமக்கெனப் படநிறுவனமும் நிறுவினார். அவர் படங்கள் பலவற்றைப் பிறர் பெயரில் எழுதிவைத்தனர். முதுமையில் அவரே தம் படங்களைப் பட்டியலிட்டு, வரலாற்றைத் திருத்த முயன்றார். 1968இல் அவர் மறைந்தபின் 1976இல் அவருடைய நினைவுக் குறிப்புகள் நூலாயின. அதன்பின் ஆராய்ச்சியாளர் காப்பகங்களைத் துருவித் தேடி, அவர் படங்கள் பலவற்றை அவருக்கே மீட்டளித்தனர்.

அப்பணியை நீங்களும் செய்யலாம். அந்நாளில் திரையரங்க வாயிலில் கதைச் சுருக்கமும் பாடல்களும் அடங்கிய பாட்டுப் புத்தகங்களை விற்றனர். படம் அழிந்தாலும், பாட்டுப் புத்தகத்தில் நடித்தோர் பெயரும் கதையும் எஞ்சியிருக்கும். பரண்மேல் கிடக்கும் பழம்பெட்டிகளைத் திறந்து பாருங்கள். நாடக விளம்பரத் தாளோ, நிழற்படமோ கிடைப்பின், பழைய காகிதக்காரரிடம் போகவிடாதீர்கள். ஆண்டும் இடமும் குறித்து, பிரதி எடுத்து, உங்கள் கல்லூரி நூலகத்தில் சேருங்கள். முதியோர் கூறுவதைக் கேட்டு, அன்றே எழுதி வையுங்கள்.

உங்களுள் ஒருவர் கண்டெடுக்கும் ஒரு கிழிந்த தாள், ராஜலட்சுமி அம்மையாரைப் பற்றி நாம் இதுவரை அறியாத ஒன்றை நமக்குக் கூறக்கூடும். இந்த விடுமுறையிலேயே தேடத் தொடங்குங்கள்.