குடும்பத்தோடு மேட்டூருக்கு: ஓர் அணைக்கட்டு நம் உல்லாசத் தலமான கதை



டா நாங் போய்வந்த படங்கள் இப்போது நம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் நிறைய வருகின்றன. சேலத்துக்காரர்கள், நாமக்கல்காரர்கள் குடும்பத்தோடு வியட்நாம் போகிறார்கள். இரண்டு ராட்சதக் கைகள் தாங்கிப் பிடித்த தங்கப் பாலத்தில் நின்று ஒரு படம். வாரக் கடைசி இரவில் நெருப்பு கக்கும் டிராகன் பாலத்துக்கு முன்னால் பிள்ளைகளோடு ஒரு படம். நல்ல ஊர், ஒருமுறை போய் வரலாம். டிராகன் பாலத்தை 2013இல் திறந்தார்கள், தங்கப் பாலத்தை 2018இல். வெளியூர்க் குடும்பங்கள் வந்து பார்க்க வேண்டும் என்று திட்டம் போட்டே கட்டிய இடங்கள் அவை.

நம் பக்கத்தில் அப்படி யாரும் திட்டம் போடாமலேயே மூன்று தலைமுறையாகக் குடும்பங்கள் கூடுகிற இடம் ஒன்று இருக்கிறது. கட்டியது தஞ்சாவூர் நெல்லுக்காக. ஆனால் கட்டுச்சோற்று மூட்டையோடு அங்கே போய் உட்கார்ந்தவர்கள் ஓமலூர், சங்ககிரி, ராசிபுரம், திருச்செங்கோட்டுக்காரர்கள். மேட்டூர் அணைதான் அந்த இடம். பூங்கா, மீன் கடை, முனியப்பன் கோயில் எல்லாம் நமக்குத் தெரியும். அந்த இடம் நமக்கு எப்படிக் கிடைத்தது, அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

ஒகேனக்கலில் குதித்து இறங்குகிற காவிரி, மலைகளுக்கு நடுவிலேயே வளைந்து வருகிறது. பாலமலைக்கும் சீதாமலைக்கும் இடையே ஒரு குறுகலான வாசல். அதைத் தாண்டிவிட்டால் சமவெளி. பிறகு பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம், ஜேடர்பாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் என்று நம் ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகும். அந்த வாசலை அடைத்தால் ஆற்றையே தேக்கிவிடலாம் என்பது பார்த்தவுடன் புரிகிற விஷயம். ஆங்கிலேய அரசின் பொறியாளர் கர்னல் எல்லிஸ் 1910 வாக்கில் அதற்கான திட்டத்தைத் தயாரித்தார். ஆனால் மேலே மைசூர் சமஸ்தானம் கண்ணம்பாடியில் தன் அணையைக் கட்ட முனைந்திருந்தது. யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்ற தகராறு பல ஆண்டு இழுத்தது. கடைசியில் 1924 பிப்ரவரி 18 அன்று சென்னை அரசும் மைசூரும் ஒப்பந்தம் போட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் காவிரியில் வந்த வெள்ளம் கரையோர ஊர்களைப் புரட்டிப் போட்டது. அணை வேண்டுமா என்று அதற்குப் பிறகு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

1925இல் வேலை தொடங்கியது. ஒன்பது ஆண்டுகள். செலவு 4 கோடியே 80 லட்சம் ரூபாய். 1934 ஆகஸ்ட் 21 அன்று கவர்னர் ஜார்ஜ் ஸ்டான்லி திறந்து வைத்தார். அவர் பெயரால்தான் இன்றும் அது ஸ்டான்லி நீர்த்தேக்கம். அணையின் நீளம் 5,300 அடி, உயரம் 214 அடி. அடிப்பாகத்தின் அகலம் மட்டும் 171 அடி. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: அந்தச் சுவரைப் பின்னாலிருந்து எதுவும் முட்டுக் கொடுத்து நிறுத்தவில்லை. தன் எடையாலேயே அது காவிரியைத் தாங்கி நிற்கிறது. பூங்காவிலிருந்து அண்ணாந்து பார்க்கும்போது, அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நம் தலைக்கு மேல் தண்ணீர் நிற்கிறது என்ற நினைப்பே சிறுவயதில் நமக்கெல்லாம் ஒரு சிலிர்ப்பைத் தந்ததல்லவா?

செய்தித்தாளில் நாள்தோறும் வருகிற கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் நிற்கக்கூடிய உயரம் 120 அடி. அப்போது கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கன அடி. முழுக்க நிரம்பினால் ஏறக்குறைய 59 சதுர மைல் பரப்புக்குத் தண்ணீர் விரிந்து கிடக்கும். அந்த 59 சதுர மைல் வெறும் காடும் பாறையுமாகவா இருந்திருக்கும்?

இல்லை. அது ஊர். வயலும் கிணறும் சந்தையும் கோயிலும் இருந்த ஆற்றங்கரை ஊர்கள். அணைக்காக அந்த மக்கள் எழுந்து மேட்டுப் பக்கம் போனார்கள். இன்றைக்குக் கொளத்தூர், மேச்சேரி, பென்னாகரம் பக்கம் இருக்கிற பல குடும்பங்களின் பழைய வீடு தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் பண்ணவாடி பரிசல் துறைக்குப் போக வேண்டும். அணையில் தண்ணீர் 80 அடிக்குக் கீழே இறங்கும்போது, பழைய கிறிஸ்தவ தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம் மெல்ல வெளியே வரும். இன்னும் பத்தடி போல இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி தெரியும். பெரிய நந்தி. ஆண்டுக்கணக்காகத் தண்ணீரில் கிடந்தும் திமில் கலையாமல் உட்கார்ந்திருக்கும். சுற்றிலும் வெடித்துக் கிடக்கிற வண்டல் மண். அந்த மண்ணையும் நம் ஆட்கள் விட்டு வைப்பதில்லை. தண்ணீர் பின்வாங்க வாங்க, பின்னாலேயே போய் உழுது எள்ளும் சோளமும் கேழ்வரகும் போடுவார்கள். தண்ணீர் திரும்பி வருவதற்குள் அறுத்துவிட வேண்டும். பாட்டன் நிலத்தில் பேரன் சில மாதம் மட்டும் பயிர் வைக்கிற ஊர் வேறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவும் கொடுத்த சேலம் மாவட்டத்துக்குக் கிடைத்த தண்ணீர் எவ்வளவு? ஜூன் 12 அன்று அணையைத் திறந்தால் அந்தத் தண்ணீர் கல்லணை வழியாக டெல்டாவுக்குப் போகிறது. அங்கே பத்து லட்சம் ஏக்கருக்கும் மேல் பாசனம். நம் பக்கம், சுதந்திரத்துக்குப் பிறகு வெட்டிய கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்களில் பாசனம் பெறுவது சேலம், நாமக்கல், ஈரோடு மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்து 45,000 ஏக்கர். டெல்டா விவசாயியைக் குறை சொல்லவில்லை. அந்தச் சோற்றைத்தான் நாமும் சாப்பிடுகிறோம். ஆனால் கணக்கு இதுதான். நமக்கு வந்தவை வேறு: 1937 முதல் அணை மின்சாரம், அதை நம்பி வந்த ஆலைகள், பிறகு அனல் மின் நிலையம். கூடவே, பொழுதுபோக்க ஓர் இடம். அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

ஏனென்றால் ஏற்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1820களில் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்த காலத்திலிருந்து அது துரைமார் மலை. பங்களா, எஸ்டேட், கான்வென்ட் என்று வளர்ந்தது. வியட்நாமில் அந்தத் தங்கப் பாலம் இருக்கிற பா நா மலையும் அப்படித்தான், 1919இல் பிரெஞ்சுக்காரர்கள் வெயிலுக்கு ஒதுங்க அமைத்துக்கொண்டது. நம் நெசவாளியும் வண்டிக்காரரும் ஏற்காட்டுக்குக் குடும்பத்தோடு சுற்றிப்பார்க்கப் போனது வெகு காலத்துக்குப் பிறகு. மேட்டூர் அப்படி இல்லை. முதல் நாளிலிருந்தே அது சாமானியர்களின் இடம். சேலத்திலிருந்து ஓமலூர், மேச்சேரி வழியாக அணைக்கே ரயில் பாதை இருந்தது. யாரும் போகலாம், யாரும் உட்காரலாம்.

இந்த வழக்கத்துக்கு அஸ்திவாரம் ஆடி மாதம். நம் பக்கத்தில் ஆடி ஒன்றாம் தேதி தேங்காய் சுடுவோம். தேங்காயின் கண்ணைத் துளைத்து, பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், எள் எல்லாம் போட்டு, அழிஞ்சில் குச்சியில் செருகித் தீயில் வாட்டுகிற பண்டிகை. சேலம், நாமக்கல், கரூர் காவிரிக்கரையைத் தாண்டி வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். பதினெட்டாம் நாள் பெருக்கு. புதுமணத் தம்பதிகள் ஆற்றில் தலை முழுகி, மஞ்சள் கயிறு மாற்றி, காதோலை கருகமணி விட்டு வணங்குவார்கள். ஊர்ச் சாமிகளையும் வேல், அரிவாளையும் மேளத்தோடு கொண்டுவந்து காவிரியில் நீராட்டி எடுத்துப் போவார்கள். இது அணைக்கு முந்தின பழக்கம். அணை வந்த பிறகு ஒரு பெரிய மாற்றம். புதுத் தண்ணீர் தானாக வந்த காலம் போய், மதகு திறந்தால்தான் பெருக்கு என்றாயிற்று. தண்ணீர் குறைவான ஆண்டுகளில் ஆடிப் பதினெட்டுக்காகவே அரசு மேட்டூரிலிருந்து கொஞ்சம் தண்ணீர் விடுகிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அங்கேயே போய்விடுவோம் என்று மக்கள் மேட்டூருக்கு வந்தார்கள். என் கணிப்பில், அணைக்கட்டு சுற்றுலாத் தலமானது அந்த நாளிலிருந்துதான்.

குளித்தாயிற்று. அடுத்தது அணைக்கட்டு முனியப்பன். வேண்டுதல் இருப்பவர்கள் கிடாயோ கோழியோ கொடுத்து, அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைத்து, பூங்காவில் பாய் விரித்துச் சாப்பிடுவார்கள். நேர்த்திக்கடனும் உல்லாசமும் ஒரே பயணத்தில் முடிந்துவிடும். மைசூர் திவான் மிர்சா இஸ்மாயில் கண்ணம்பாடி அணைக்குக் கீழே பிருந்தாவனப் பூங்காவை அமைத்துக் காட்டிய பிறகு, அணை என்றால் பூங்கா வேண்டும் என்பது தென்னாட்டில் சட்டம் போல ஆயிற்று. பவானிசாகர், வைகை, சாத்தனூர், கிருஷ்ணகிரி என்று எல்லா அணையிலும் பார்க்கிறோம். மேட்டூர்ப் பூங்காவில் பிருந்தாவனத்தின் பகட்டு கிடையாது. புல்தரை, ஊஞ்சல், சறுக்கு மரம், மான், பாம்பு, நிழல். பிள்ளைகளுக்கு அது போதும்.

பெரியவர்களுக்கு மீன். பூங்காவுக்கு வெளியே வரிசையாகக் கடைகள். மசாலா தடவிய மீன் தட்டில் சிவந்து கிடக்கும். கல்லில் எண்ணெய் சுருசுருக்கும். "வாங்கண்ணா, கட்லா போடட்டுங்களா, ஜிலேபி போடட்டுங்களா? குழந்தைக்கு முள்ளு கம்மியா எடுத்துத் தர்றேனுங்க" என்பார்கள். கட்லாவும் ரோகும் வடக்கத்தி ஆற்று மீன்கள். அணைக்கட்டு ஏரிகளில் குஞ்சு விட்டு வளர்த்ததால் நம் தட்டுக்கு வந்தவை. ஜிலேபிக்குப் பூர்வீகம் ஆப்பிரிக்கா. காவிரியின் சொந்த மீன் கெண்டையும் வாளையும் இப்போது அவற்றுக்கு நடுவே தேடி வாங்க வேண்டியவை. அணை ஆற்றை மட்டுமல்ல, நம் நாக்கையும் மாற்றியிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேல் பதினாறு கண். எல்லிஸ் பெயரிலேயே அமைந்த உபரி நீர் மதகு அது, அணைக்கு இடது பக்கம் தனியாக இருக்கிறது. அணை நிரம்பினால்தான் அங்கே தண்ணீர் வரும். பதினாறு மதகிலும் வெள்ளை வெளேரென்று கொட்டுகிற ஆண்டில் சேலமே திரண்டு வந்து பாலத்தில் நிற்கும். டா நாங்கில் டிராகன் வாரம் தவறாமல் நெருப்பு கக்கும். நம் பதினாறு கண் குடகில் மழை பெய்தால்தான் திறக்கும். அதனால்தான் அதைப் பார்த்த ஆண்டு மறப்பதில்லை. 2024 ஜூலைத் தொடக்கத்தில் அணையில் 40 அடியை ஒட்டித்தான் தண்ணீர் இருந்தது. ஜூலை 30 அன்று 120 அடி. ஒரே மாதத்தில் பண்ணவாடி நந்தியையும் பதினாறு கண் வெள்ளத்தையும் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

நாமக்கல் பக்கம் ஜேடர்பாளையத்திலும் இதே வழக்கம் வளர்ந்தது. அங்கே தடுப்பணை, பூங்கா, பொரித்த மீன். அங்கிருந்து பிரிகிற ராஜா வாய்க்காலை வெட்டியவர் அல்லாள இளைய நாயக்கர் என்று பரமத்தி வேலூர் விவசாயிகள் இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள். பூலாம்பட்டியில் படகுப் பயணம். இவற்றைப் பற்றித் தனித்தனியாகவே பேசலாம்.

இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. பூங்கா வாசலில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி, மூழ்கிய ஊர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைக்க வேண்டும். ஸ்டான்லிக்கும் எல்லிஸுக்கும் பெயர் நிலைத்துவிட்டது. ஊரைக் கொடுத்தவர்களுக்கும் நிலைக்க வேண்டும். நீர்வளத் துறைக்கு இது பெரிய செலவில்லை.

நீங்கள் போகும்போது ஒன்று செய்யுங்கள். காலையில் பண்ணவாடி போய்ப் பிள்ளைகளுக்கு நீர்ப்பரப்பைக் காட்டி அங்கே ஊர் இருந்ததைச் சொல்லுங்கள். பிறகு அணை, கோயில், பூங்கா, மீன். வலது கரையில் அணையின் 75 ஆண்டு நினைவாகப் பவள விழா கோபுரம் இருக்கிறது. திறந்திருந்தால் ஏறிப் பாருங்கள். உபரி நீர் திறந்திருக்கிற நாட்களில் மட்டும், யார் எவ்வளவு சொன்னாலும், ஆற்றில் இறங்காதீர்கள். மதகு திறந்தால் கரையில் நிற்பவர் ஓடுவதற்குக்கூட நேரம் இருக்காது. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பாலத்தில் நின்றே பாருங்கள்.